உதட்டால் காட்டுகிறவர்கள்

முதல் குத்திலேயே அவன் உதடு கிழிந்துவிட்டது.

இரண்டாவதும் அதே இடத்தில். அவள் ஓடி வருவதற்குள் மூன்றாவதும் விழுந்தது.

அடிப்பது அவள் புருஷன் தங்கராசு.

அடி வாங்குவது ரொமேல். ஷார்ஜாவில் இந்தச் சின்ன டீ-சர்ட் கடையில் படம் வரைகிற பிலிப்பைன்ஸ்காரன். அவன் வரைவான், அவள் அதைச் சூடான ஹீட் பிரஸ்ஸில் வைத்து அழுத்திச் சட்டையில் பதிப்பாள். நாலு வருஷமாக இதுதான் பிழைப்பு. அவளை ‘ஆத்தே’ என்று கூப்பிடுவான். அவர்கள் பாஷையில் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊர்க்காரர்கள் கூடுகிறார்கள். அதற்குத்தான் இவ்வளவு சட்டையும்.

எல்லாம் சிரிப்புச் சட்டை. கருவாடு ஒன்று கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு நிற்கும். சோற்றுப் பானைக்குக் கிரீடம்; கீழே, ‘மூணு வேளையும் சோறுதான், என்ன இப்போ?’ அடோபோக் குழம்புச் சட்டியைக் கட்டிப்பிடித்து அழுகிற மீசைக்காரன். அந்த ஊர் இளவட்டங்கள் வார்த்தையைத் திருப்பிப்போட்டுப் பேசுகிற பேச்சில் நாலு வரி. அதைப் படித்துவிட்டு அவர்கள் ஊர்ப் பெண்கள் வாசலிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இவளுக்குப் பாதி புரியாது. கருவாடும் சோறும் புரியும். போதாதா?

அந்தச் சட்டைகள் மாட்டியிருந்த ஸ்டாண்டு சாய்ந்தது. ரொமேல் அதன்மேல் விழுந்தான்.

கருவாட்டின் கூலிங்கிளாஸில் ரத்தம் தெறித்தது.

நடந்தது இவ்வளவுதான். ரொமேல் இரண்டு கையாலும் ஒரு சட்டையை விரித்துப் பிடித்திருந்தான். டேப் அவள் பக்கத்தில் கிடந்தது. உதட்டைக் குவித்து அந்தப் பக்கமாக நீட்டினான். அவர்கள் ஊரில் அதோ, இதோ எல்லாம் உதட்டால்தான். அவள் சிரித்துக்கொண்டே டேப்பை எடுத்தாள்.

அவளைக் கூட்டிப்போக வந்த தங்கராசு கதவைத் திறந்தது அந்த நேரம் பார்த்து.

அவனுக்குத் தெரிந்தது குவிந்த உதடும் அவள் சிரிப்பும் மட்டும்.

அவன் தலைக்கு நேர் மேலே சுவரில் ஒரு சட்டை தொங்கியது. குவிந்த உதடு, பக்கத்தில் அம்புக்குறி, ‘எங்க ஊர் வழிகாட்டி’ என்று எழுத்து. கடையில் அதிகம் விற்கிற சட்டை அதுதான். அண்ணாந்து பார்க்கிற ஆளா அவன்?

அவளுக்கே அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது. போன வாரம் வீட்டில் சாப்பிடும்போது உப்பு டப்பாவை உதட்டால் காட்டிவிட்டாள். யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டு அறைந்தான் தங்கராசு. அப்போதே விளக்கிச் சொல்லியிருக்கலாம். ரொமேல் பேரைச் சொன்னால் இன்னொன்று விழும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது விலா எலும்பில் உதை. சத்தம் கேட்டது.

ரொமேல் திருப்பி அடிக்கவில்லை. தெம்பு இல்லாமல் இல்லை. கை ஓங்கினால் வேலை போகும், விசா போகும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உதை வாங்கினான்.

அவள் குறுக்கே விழுந்தாள். அவள் முடியைப் பிடித்து இழுத்து அந்தப் பக்கம் தள்ளினான் தங்கராசு.

பக்கத்துக் கடைக்காரர் போன் போட்டுவிட்டார். போலீஸ் வந்தது.

தங்கராசு முந்திக்கொண்டான். வேன் ஓட்டிக் கற்ற ஹிந்தியில் மூச்சு வாங்கச் சொன்னான். என் பெண்டாட்டிக்கு முத்தம் காட்டினான் சார். எந்த ஆம்பளை பொறுப்பான்? வேண்டுமானால் அவளையே கேளுங்கள்.

அது லேசான புகார் இல்லை. பெண்ணே வாயைத் திறந்து ஆமாம் என்றுவிட்டால் ரொமேல் கதை முடிந்தது. உள்ளே போவான். வெளியே வந்தால் நேரே விமானம்தான்.

போலீஸ்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

“பார்த்துப் பேசு, தமயந்தி.”

தங்கராசு தமிழில்தான் சொன்னான். மெதுவாக, ஆறுதல் சொல்கிற மாதிரி. அங்கே அது அவளுக்கு மட்டும்தான் புரியும்.

பயந்தாள். நன்றாகவே பயந்தாள். ஆமாம் என்று ஒரு தலையாட்டல். அது போதும், இன்றைக்கு ராத்திரி வீட்டில் அடி கிடையாது. அந்தக் கணக்கையும் அவள் போட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு வெட்கப்பட்டாள்.

தரையில் ரொமேல் ஒரு பல்லை உள்ளங்கையில் துப்பினான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அவளுக்குச் சங்கடம் என்று நினைத்தானோ என்னவோ.

“இவர் என்னை ஒண்ணும் பண்ணலை சார்” என்றாள், கடையில் பழகிய இங்கிலீஷில். “டேப்பைக் கேட்டார். இவங்க ஊர்ல உதட்டாலதான் காட்டுவாங்க. அடிச்சது என் வீட்டுக்காரர்தான்.”

சொல்லியாயிற்று.

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று வழக்கத்துக்குக் கேட்டார். பதிலை எதிர்பார்க்காமல் நோட்டை மூடப் போனார்.

“இருங்க சார்.”

இடது கையின் பட்டனைக் கழற்றினாள். முழுக்கைச் சட்டையை முழங்கைவரை சுருட்டினாள்.

ஒரு நீளத் தழும்பு. ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் கூர்.

பிரஸ் சுட்டுவிட்டது என்று போன மாசம் அவளேதான் கடையில் சொன்னாள். கவனமாக இருக்க மாட்டாயா என்று ரொமேல் திட்டினான், ஓடிப்போய் மருந்தும் வாங்கி வந்தான்.

அவன் இப்போது தலையைத் தூக்கி அந்தத் தழும்பைப் பார்த்தான்.

“எங்க பிரஸ் சதுரம் சார்” என்றாள் அவள். “இது எங்க வீட்டு இஸ்திரிப் பெட்டி.”