சத்தம் போட்டால் அணையும் விளக்கு

"நான் நடிக்கலை டீச்சர்."

இலக்கிய டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். இந்த வாரக் கடைசியில் நாடகம்.

"என்னாச்சு?"

"தொண்டை சரியில்ல."

சொன்னது வகுப்பே 'மைக்' என்று கூப்பிடும் பெண். காலையில் மைதானத்தின் அந்தக் கோடியில் அவள் போட்ட சத்தம் ஸ்டாஃப் ரூம் வரை கேட்டது.

டீச்சருக்கு அலுத்துப்போனது. பதினொன்றாம் வகுப்புக்கு இந்தப் பருவம் முழுக்க இதுதான் பாடம்: நாளைய உலகம் கெட்டுச் சீரழிந்துவிட்டதாகச் சொல்லும் கதைகளிலும் படங்களிலும் ஆணுக்கு என்ன இடம், பெண்ணுக்கு என்ன இடம். கதை படித்து, படம் பார்த்து, ஆணும் பெண்ணுமாகச் சண்டை போட்டு, கடைசியில் பிள்ளைகளே ஒரு நாடகம் யோசித்திருந்தார்கள். வசனம் மட்டும் டீச்சர்.

அந்த நாடகத்து ஊரில், ஒரு பெண் குரலை உயர்த்தினால் விளக்கெல்லாம் அணைந்துவிடும். "எவ அவ கத்தினது?" என்று ஊரே அடிக்க வரும். அதனால் பெண்கள் முணுமுணுத்தே காலத்தை ஓட்டுவார்கள். கடைசிக் காட்சியில் ஒருத்தி மட்டும் கத்துவாள்.

அந்த ஒருத்திதான் மைக். அவளைத்தான் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கும் அனுப்புவதாக இருந்தது.

"அப்பா வேணாம்னாரா?"

மைக் தரையைப் பார்த்தாள். டீச்சருக்கு அது போதும்.

டீச்சர் வரச் சொல்லி, மறுநாள் மைக்கின் அப்பா வந்தார். பஸ் டிரைவர். டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தார், கண்ணெல்லாம் சிவந்து.

"பொண்ணு மேடையில பேசக் கூடாதுன்னு சொன்னீங்களா?"

"நானா? அவ பேச்சுக்கு நடுவுல மூச்சு விடவே எனக்கு இடம் கிடைக்கிறதில்லம்மா."

டீச்சர் சிரிக்கவில்லை. "இங்க வர்ற எல்லா அப்பாவும் இப்படித்தான் சொல்றாங்க. வீட்டுல வேற முகம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு, "சரிம்மா" என்று எழுந்து போனார்.

"இத்தனை மாசம் படிச்சு என்னடி பிரயோஜனம்?" என்று மைக்கிடம் கேட்டார் டீச்சர். "நீ போய் லைட் ஸ்விட்சைப் பாத்துக்க. போட்டிக்கும் நீ இல்ல."

"சரி டீச்சர். மியூட்டைப் போடுங்களேன். அவளுக்கு எல்லா வசனமும் மனப்பாடம்."

உண்மைதான். மியூட் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவள். உதடு அசையும், காற்று வரும், குரல் வராது. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

அவளுடைய அப்பாவை டீச்சருக்கு ரொம்பப் பிடிக்கும். பெற்றோர் சங்கத் தலைவர். "இந்த மாதிரிப் பாடம்தான் வேணும் டீச்சர், நம்ம பொண்ணுங்க நாலு பேர் முன்னாடி தைரியமா நிக்கணும்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்பவர். எல்லா அப்பாவும் இவரைப் போல இருந்தால் என்ன!

ஒத்திகையில் மியூட்டின் குரல் முதல் வரிசையைக்கூடத் தாண்டவில்லை.

"வீட்டுல நல்லா கத்திப் பழகிட்டு வாடி."

மியூட் தலையை ஆட்டினாள். ஆமாவா, இல்லையா என்று தெரியவில்லை.

நாடக நாள் வந்தது. ஹால் நிரம்பியிருந்தது. கடைசி வரிசையில் பஸ் டிரைவர், ஸ்விட்ச் போடும் மகளைப் பார்க்க வந்தவர், உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

கடைசிக் காட்சி.

"இது என் குரல்! விளக்கு அணைஞ்சா அணையட்டும்!"

மியூட்டா அது? டீச்சருக்கே தூக்கிவாரிப் போட்டது. மைக் ஸ்விட்சை அணைத்தாள். ஹால் முழுக்க இருட்டு. அதோடு நாடகம் முடிந்தது.

முடியவில்லை.

"நான் ஃபோன் பேசினா ஏன் ஒட்டுக் கேக்குறீங்க? என் ரூம் கதவை ஏன் கழட்டி வெச்சீங்க? அம்மா சாப்பிட்டாங்களான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா? சிரிச்சா வாயை மூடுன்னு சொல்றீங்க. அழுதா பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்னு சொல்றீங்க. நாங்க எங்கதான் போய் அழறது?"

இதில் ஒரு வரிகூட டீச்சர் எழுதியதில்லை.

"லைட்டைப் போடுடி!"

"கொஞ்சம் இருங்க டீச்சர்." மைக்கின் கை ஸ்விட்ச் மேலேயே இருந்தது. "அவ வீட்டுல அப்பாவைத் தவிர யாரும் சத்தமாப் பேசக் கூடாது. அவங்க அம்மாகூட. இங்க கத்தினாத்தான் நடிப்புன்னு நினைப்பாங்க."

"இதுக்காகவா நீ..."

"நான் எங்க வேணா கத்திக்குவேன் டீச்சர்."

இருட்டில் டீச்சர், பஸ் டிரைவர் இருந்த கடைசி வரிசைப் பக்கம் திரும்பினார். ஒன்றும் தெரியவில்லை.

விளக்கு எரிந்ததும் ஹாலே எழுந்து கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் முன்வரிசையில் இருந்த சங்கத் தலைவர். பக்கத்தில் அவர் மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

தலைவர் மேடைக்கே ஏறி வந்துவிட்டார்.

"பிரமாதம் டீச்சர்! இருட்டுல வந்துச்சே அந்த வசனம்... அது யார் எழுதினது?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கண் மட்டும் மகள் மேல் இருந்தது.

மியூட்டின் உதடு அசைந்தது. காற்றுகூட வரவில்லை.

குரலை உயர்த்துங்கள், குரலை உயர்த்துங்கள் என்று பருவம் முழுக்கச் சொல்லிக் கொடுத்த டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான் சார்" என்றார், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

தலைக்கு மேல் விளக்கெல்லாம் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது.