முன் இருக்கைக் கம்பி

மூன்று போல்ட்டுகள் சாதுவாகக் கழன்று வந்தன. நாலாவது அவன் உயிரை வாங்கிவிட்டது.

ஜீப்பின் முன் இருக்கையைத் தூக்கி வந்து வாசல் தரையில் கவிழ்த்தான். டிரைவர் இருக்கை அல்ல. அதற்குப் பக்கத்து இருக்கை.

வாரம் முழுக்க செல்போன் டவர்களைப் பழுதுபார்க்க மலை ஏறி இறங்குகிறவனுக்கு, முதுகை நீட்டிப் படுக்க ஞாயிறு ஒன்றுதான். அந்த ஞாயிறும் இன்று இடுக்கியும் கையுமாகப் போய்க்கொண்டிருந்தது.

வேறு வழியில்லை. மனைவி நேற்று அப்படிச் சொல்லிவிட்டாள்.

“தினமும் பின்னாடி உட்கார்ந்து வந்து இடுப்பே விட்டுப்போச்சுங்க. ஸ்கூல் ஹாஸ்டல்ல ஒரு ரூம் காலியா இருக்காம். திங்கட்கிழமையிலேருந்து அங்கேயே தங்கிக்கிறேன். சனி, ஞாயிறு வர்றேன்.”

சண்டை போட்டுச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. களைத்துப்போய்ச் சொன்னாள்.

மலைமேல் இருக்கிற பள்ளியில் அவள் டீச்சர். டவருக்குப் போகிற வழியில் அவன்தான் இறக்கிவிடுவான். கல்யாணமான புதிதில் முன்னால்தான் உட்கார்ந்து வந்தாள். முதல் மனைவி இறந்த பிறகு, அவனுடைய கருவிப்பை மட்டுமே பயணம் செய்துகொண்டிருந்த இருக்கை அது. போன மழைக்காலத்தில் ஒருநாள், ‘இந்த சீட்ல கம்பி குத்துதுங்க’ என்று பின்னால் போய்விட்டாள்.

பின்னால் இருப்பது வெறும் பெஞ்சு. பள்ளத்துக்குப் பள்ளம் தலை கூரையைத் தொட்டுவிட்டு வரும்.

“டீச்சர், டிரைவர் ஒழுங்கா ஓட்டுறாரா? இல்லேன்னா ஆளை மாத்திடலாம்” என்று பள்ளி வாட்ச்மேன் தினமும் கேலி செய்வார். அவள் சிரிப்பாள். அவனும் சிரித்துவைப்பான்.

உறையை ஃபோமோடு பிடித்திருந்த வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டினான். நேற்று மாலையே புது உறை வாங்கியாகிவிட்டது. மாட்டித் தர ஆள் செவ்வாய்க்கிழமைதான் வருவான் என்றார் கடைக்காரர். செவ்வாய் வரைக்கும் யாரால் காத்திருக்க முடியும்? வெயிலில் போட்டுச் சூடாக்கினால் இழுத்த இழுப்புக்கு வரும் என்று அவரே வழியும் சொல்லி அனுப்பினார்.

பழைய உறை கழன்றதும் கம்பியைத் தேடினான்.

ஃபோமை உள்ளங்கையால் அழுத்தினான். திருப்பிப் போட்டுப் பார்த்தான். ஸ்பிரிங்குகள் சாக்குத் துணிக்கு அடியில் அடக்கஒடுக்கமாகக் கிடந்தன. ஒன்றுகூட உடையவில்லை. முழங்கையை ஊன்றிப் பார்த்தான். கடைசியில் அதன்மேல் ஏறியே உட்கார்ந்துவிட்டான்.

குத்தவில்லை.

எந்தப் பக்கம் நகர்ந்தாலும் குத்தவில்லை.

அப்படியே உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த ஓடை ஞாபகத்துக்கு வந்தது.

மழை விட்ட காலை. ஓடைக்குள் ஜீப்பை இறக்கும்போது சக்கரம் வழுக்கியது. பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், பக்கத்தில் இருந்தவளிடம் கத்தினான். “இடது பக்கம் கல் இருக்கா பாரு, சின்னு!”

சின்னு என்பது முதல் மனைவிக்கு அவன் வைத்திருந்த செல்லப் பெயர்.

இவள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். “இல்லைங்க, வாங்க” என்றாள். ஜீப் அக்கரை ஏறியது. அவள் எதுவும் கேட்கவில்லை. என்ன பெயர் சொன்னோம் என்றுகூட அவனுக்கு அன்று உறைக்கவில்லை.

அடுத்த நாள்தான் கம்பி குத்த ஆரம்பித்தது.

உள்ளே போய்ப் பேசிவிடலாமா? பேசினால், அவள் இத்தனை நாள் மூடிவைத்ததைத் திறந்து அவள் முகத்துக்கு நேராகவே நீட்டுவதாகிவிடும். அதற்கு அவனுக்குத் தெம்பில்லை. அவளுக்கும் இருக்காது.

எழுந்தான். சூடேறிக் கிடந்த உறையை ஃபோம்மேல் கவிழ்த்து, முழங்காலால் அமுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். ஒரு மூலையில் சுருக்கம் விழுந்தது. பிரித்து மறுபடி இழுத்தான். கடைசி வளையத்தை இறுக்கும்போது கட்டைவிரலில் தோல் பிய்ந்து வந்தது.

இருக்கையை ஜீப்பில் முடுக்கிவிட்டு அவளைக் கூப்பிட்டபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஹாஸ்டலுக்குப் பை அடுக்கிக்கொண்டிருந்தவள், கையில் பாதி மடித்த துண்டோடு வந்தாள்.

“சரி பண்ணிட்டேன்” என்றான்.

புது உறையைத் தடவிப் பார்த்தாள். “கம்பி?”

“எடுத்தாச்சு.”

“எங்க, காட்டுங்க.”

சட்டைப்பைக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தான். விரல் நீளத்துக்கு ஒரு கம்பி, நுனியில் கொக்கிபோல வளைந்திருந்தது.

பரீட்சைத் தாளில் காப்பியடித்த வரியைத் தூரத்திலிருந்தே பிடித்துவிடுகிறவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மருந்துக்குக்கூடத் துரு இல்லை. வெட்டிய வாய் புத்தம் புதிதாகப் பளபளத்தது.

தலைநிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் பிய்ந்த கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இதேதாங்க” என்றாள். “இத்தனை நாளா இதுதான் குத்திட்டிருந்துச்சு.”

துண்டை அவன் கையில் சுற்றிவிட்டு, முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.