கொம்பு தேய்த்த மரம்

முந்திரி மரத்தில் இடுப்புயரத்துக்குப் பட்டை உரிந்திருந்தது.

"கொம்ப தேய்ச்சிகினு போயிருக்குது. நல்லா முத்தின ஆண் மானுண்ணே," என்றான் கருணாகரன்.

"மார்கழி போவட்டும், தை பொறந்ததும் போட்டுடலாம்," என்றார் ராஜாங்கம்.

ஒரு மாதமாக முதல் ஷிப்ட் முடிந்ததும் இருவரும் சைக்கிளில் வந்து குளம்படி தேடுகிறார்கள். ஐந்து வருட வேட்டைக் கூட்டாளிகள். இதுவரை ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை.

தை பிறந்தது. புதர் அசைய, ராஜாங்கம் துப்பாக்கியை உயர்த்தினார். கொம்பில் முந்திரிப் பட்டைத் துணுக்கோடு வெளியே வந்தது காதறுத்துவிட்ட கிழட்டு ஆட்டுக்கிடா. முனீஸ்வரனுக்கு யாரோ நேர்ந்துவிட்டது!

கிடாவைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர், குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் துப்பாக்கியை மனைவி புஷ்பவல்லியிடம் நீட்டினார்.

"சாமி கிடாவையே சுடப் பாத்துட்டேன் புஷ்பா. இனிமே வேட்டையே வேணாம்."

புஷ்பவல்லி கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"முனீஸ்வரன் கண்ண தொறந்துட்டாருங்க! நீங்க வேட்டைய விட்டா வெட்டறேன்னு, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான்தாங்க அந்தக் கிடாவ நேர்ந்துவிட்டேன். வர்ற ஞாயித்துக்கெழமையே வெட்டிடலாம்."

ராஜாங்கம் மெல்லத் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழமை முடியாது புஷ்பா. நாங்க முயல் வேட்டைக்குப் போறோம்."