துளை போட்ட டின்

மலாயாவின் கோலா கெத்தில் ஊரில் மளிகைக்காரர் ஈசா டின்னை உள்ளே எடுத்துப்போய், ஆணியால் இரண்டு துளை போட்டு, துண்டால் வாயைத் துடைத்தபடி திரும்பி வந்தார். விற்கிற டின்னையெல்லாம், சீக்கிரம் கெட்டுப்போகும்படி துளைத்துத்தான் கொடுக்க வேண்டும். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சேர்த்துவைத்து அனுப்பிவிடக் கூடாதென்று அவசரகாலச் சட்டம்.

"தினம் ஒரு புளூபெரி டின்னா, மாசிலாமணி? துரைசானிக்கு அலுக்கவே அலுக்காதா?"

"தினம் சாப்பிட்டா உடம்புக்கு நல்லதாம், பாய். காலையில முதல்ல அதுதான் வேணும்" என்றான் எஸ்டேட் பங்களாவின் சமையல்காரன்.

பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர்.

"துரைசானி கப்பலேறி ஒரு மாசமாச்சு. துரை இதைத் தொடுறதே இல்லையாம். யாருக்குடா இந்த டின்னு? காட்டுக்கா?"

காட்டுக்குச் சாப்பாடு அனுப்பியதாகப் பிடிபட்டால் வீடு திரும்ப முடியாது.

"இல்லைலா ஐயா! நான்தான் சாப்பிடுறேன்!"

"நாக்கை நீட்டு."

நீட்டினான். நாக்கு முழுக்கக் கருநீலம்.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "திருட்டுப்பயலே! துரை கணக்குல டின் டின்னா முழுங்கியிருக்கியே!"

"முழுசா எங்கேங்கய்யா? பழம் மட்டும்தான் கிடைக்குது. சாறு பாதிக்கு மேல இருக்கறதில்ல. துரைசானி இருந்தப்பவும் இதே கதைதான், என்னைத்தான் திட்டுவாங்க."

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றது. டின்னைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார்.

"சாறு எங்கே போகுது, பாய்?"

தெரியாது என்று ஈசா வேகமாகத் தலையை ஆட்டினார். வாயை மட்டும் திறக்கவில்லை.