உடைந்த கண்ணாடிக் குழாய்

ஆராய்ச்சிக்கூடத்துக் காப்பி மெஷின் நான்காவது தடவையாக இயக்குநரின் கார்டைத் துப்பியது. "இந்த இடத்துல மெஷினும் சரியில்ல, மனுஷங்களும் சரியில்ல!" என்று அதன் வயிற்றில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கோபத்தில் முகம் வழுக்கை வரைக்கும் சிவந்திருந்தது.

டெக்னீஷியன் தன் கார்டைத் தேய்த்து அவருக்கு ஒரு காப்பி எடுத்துக் கொடுத்தாள். எரிந்து விழுகிற மனுஷனுக்கு உபசாரம் வேறு!

"என்.எம்.ஆர். ரூம் சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"இன்னொண்ணு ஆபீஸ்ல மாட்டியிருக்கு சார். வெள்ளிக்கிழமை பூட்டும்போது எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னைக்கு வந்து பார்த்தா புரோப்புக்குள்ள கண்ணாடிக் குழாய் உடைஞ்சு கிடக்கு. துண்டையெல்லாம் எடுத்துட்டேன்."

"பத்து வருஷம் அந்த மெஷின்ல உட்கார்ந்தவன் நான். ஒரு குழாய் உடைச்சதில்ல! யார் வேலைன்னு சாயந்தரத்துக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா நாளைலேர்ந்து வராதீங்க."

அவள் பதினோரு வருடமாக என்.எம்.ஆர். என்ற அந்த ராட்சசக் காந்தத்தைப் பெற்ற பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டவள். மருந்தோ தேனோ, எதைக் குழாயில் ஊற்றி அதன் நடுவிலுள்ள புரோப்புக்குள் இறக்கினாலும், என்னென்ன கலந்திருக்கிறது என்று திரையில் மேடு மேடாகக் கோடு போட்டுக் காட்டிவிடும்.

"சிந்தினது கொஞ்சம் உள்ள ஒட்டியிருக்கும் சார். காலிக் குழாய் விட்டுப் பார்த்தா என்னன்னு தெரிஞ்சிடும். என்னன்னு தெரிஞ்சா யாருன்னும் தெரிஞ்சிடும்."

"ம்... பாருங்க, பாருங்க." இயக்குநரின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

வாட்ச், போன், கார்டு எல்லாவற்றையும் வழக்கம்போல வாசல் தட்டில் கழற்றி வைத்தாள். தரையிலுள்ள சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கார்டு போனால் காந்தம் அதிலிருப்பதைத் துடைத்துவிடும். அப்புறம் அது வெறும் அட்டைதான்.

கார்டை வைத்தவள் காப்பி மெஷின் இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஏனோ, வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பத்து நிமிடத்தில் திரையில் மேடுகள் எழுந்தன. இயக்குநர் அவள் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா அது?"

"எண்ணெய் சார். சாதாரணச் சமையல் எண்ணெய்."

"அவ்வளவுதானா? நல்லாப் பாருங்க!"

"கொஞ்சம் சென்ட் கலந்திருக்காங்க."

"வேற? வேற ஏதாவது இருக்கும், பாருங்கம்மா!"

"நல்லாப் பார்த்துட்டேன் சார். சுத்தமா ஒண்ணுமே இல்ல."

இயக்குநர் காப்பிக் கோப்பையோடு பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அப்போ முடி வளராதா?"