ரத்தம் நிறுத்தும் ஊசி

பிள்ளை பெற்ற என் தங்கைக்கு ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலோ பந்தல் போட்டு டாக்டர்கள் வேலைநிறுத்தம்.

“சம்பளம் பத்தலையாம் தொரைங்களுக்கு! உசுரை வெச்சுப் பேரமா பேசுறீங்க?” என்று கத்திக்கொண்டே எங்கள் மேஸ்திரி பந்தல் காலைப் பிடுங்கினார். அவரோடு வந்திருந்த நாங்கள் எட்டுப் பேரும் பாய்ந்தோம். நாற்காலிகள் நொறுங்கின. ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து ஓடி வந்த ஒரு டாக்டரை முகத்தில் கட்டையால் அடித்தது நான்தான். மூக்கு உடைந்து விழுந்தவரை நெஞ்சில் மிதித்தேன்.

“என் தங்கச்சி செத்துட்டிருக்காடா!”

“அண்ணே, அடிக்காதீங்க... அவசரப் பிரிவை நாங்க நிறுத்தவே இல்ல. உங்க தங்கச்சியைக் காலையிலேர்ந்து நான்தான் பாக்குறேன்.”

“அப்புறம் ஏன் ரத்தம் நிக்கல?”

“அதுக்கான ஊசி தீந்துபோச்சு. எந்தக் கடையிலயும் இல்ல. அதைச் சொல்லத்தான் உங்களைத் தேடி ஓடியாந்தேன்.”

மேஸ்திரி அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். “வெளியூர்லேர்ந்து வரவழைக்க வேண்டியதுதானே?”

டாக்டர் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார். “வந்துடுச்சுண்ணே. சரக்குக் கிடங்குல லாரியோட நிக்குது. இறக்கத்தான் ஆளில்ல.”

மேஸ்திரியின் பிடி தளர்ந்தது.

அந்தக் கிடங்கில் சுமை இறக்குகிறவர்கள் நாங்கள்தான். கூலி உயர்வு கேட்டு, ஒன்பது நாளாக ஒரு பெட்டியைக்கூட யாரையும் தொடவிடாமல் மறித்து வைத்திருந்தோம்.