லைனிங்

"டாக்டர் கத்தியையே ஏமாத்திட்டுப் பொறந்த மகாராணி நீ. ஒரு பர்த் சர்டிபிகேட் உனக்குத் தண்ணி காட்டுதா?" தையல் மெஷினை மிதித்தபடியே சிரித்தார் அப்பா.

இரண்டு பையன்கள் போதும் என்று அவர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு, இரண்டு வருடம் கழித்துப் பிறந்தவள் மகள். "ஆயிரத்துல ஒண்ணு தப்புமாம். அந்த ஒண்ணு என் செல்லம்" என்று தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார்.

உள் அறையில் மகள் தகரப் பெட்டியைக் குடைந்தாள். புது வேலைக்கு நாளைக்கே சர்டிபிகேட் காட்ட வேண்டும். அது மேலேயே கிடைத்துவிட்டது. ஆனால் பெட்டியின் லைனிங் துணியில், நெருக்கிப் போட்ட கைத்தையல் ஓரிடத்தில் இற்றுப்போய், நீலக் கவர் ஒன்று எட்டிப் பார்த்தது. இழுத்தாள். மிச்சத் தையலும் பிரிந்தது.

லேப் ரிப்போர்ட். அப்பாவின் பெயர். அவள் பிறந்த மறுமாதத் தேதி. 'விந்தணுக்கள் அறவே இல்லை. ஆபரேஷன் முழு வெற்றி.'

மூன்று முறை படித்தாள்.

டீ கொண்டுவந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான் யாரும்மா?"

"என் புத்தி கெட்டுப்போன நேரம்டி. ஆபரேஷன் சரியா ஆகலைன்னு சொன்னேன், நம்பிட்டாரு. டெஸ்டெல்லாம் எதுக்குன்னு போகவே இல்லைன்னாரே..." அம்மா மெஷின் சத்தம் வந்த பக்கம் பார்த்தாள். "அவருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாருடி. உன்னைத்தான் உலகம்னு இருக்காரு. கிழிச்சுப் போட்டுடு."

மகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிழிக்கவும் மனசு வரவில்லை, அவரிடம் காட்டவும் தைரியமில்லை. இனிமேல் அவரை எந்த வாயால் அப்பா என்று கூப்பிடுவது?

வெளியே மெஷின் சத்தம் நின்றது.

செருப்புச் சத்தம் நெருங்கியது. அவள் காகிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

வாசலில் நின்ற அப்பா, பிரிந்து தொங்கிய லைனிங்கைப் பார்த்தார். பேயறைந்தாற்போல் இருந்த இரண்டு முகங்களையும் பார்த்தார்.

"சர்டிபிகேட் கிடைச்சுதா?"

"கிடைச்சுதுப்பா."

அவர் சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்து நிதானமாக நூல் கோத்தார். பெட்டியருகே உட்கார்ந்து அவளிடம் கையை நீட்டினார்.

"அதைக் கொடும்மா. பழையபடியே உள்ள வெச்சுத் தைச்சிடறேன்."